“அவன் எப்போதும் அப்படித்தான்!” – இது சரியா?

முகப்பேர் என்ற பெயர் எப்படி வந்தது?

“மகப்பேறு” என்ற சொல்தான் நாளடைவில் முகப்பேர் ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்டு. அதற்கு ஏற்றாற்போல், இங்கே சந்தான சீனிவாசப் பெருமாள் கோவில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டி, கணவனும் மனைவியுமாக வெளியூர்களில் இருந்தும் இங்கே வருகிறார்கள்.

பிறக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோல வளர்வது இல்லை. சில பிள்ளைகளுக்கு உடம்பு வளர்கிறது. அறிவு அதே வேகத்தில் வளர்வது இல்லை. பேச்சு தாமதமாக வருகிறது. கணக்கு வருவது இல்லை. கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தெரிவது இல்லை.

இவர்களை முன்பு “மனவளர்ச்சி குன்றியவர்கள்” என்று சொன்னார்கள். இப்போது “அறிவுசார் குறைபாடு உடையவர்கள்” என்கிறார்கள். இந்தியாவில் இவர்கள் சுமார் 15 லட்சம் பேர் இருப்பதாக 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு கூறியது.

சிறு வயதில் இவர்களை எல்லாரும் கவனிக்கிறார்கள். டாக்டர் பார்க்கிறார். சிறப்புப் பள்ளி ஆசிரியை பார்க்கிறார். “நேற்றைக்கு இன்று என்ன முன்னேற்றம்?” என்று தாய் தினமும் பார்க்கிறார்.

அதே பிள்ளைக்கு 50 வயது ஆகிவிட்டால்? யாரும் பார்ப்பது இல்லை!

இது பெரிய தவறு. பார்க்க வேண்டிய வயதே அதுதான்.

வயதான தாய், வயதாகும் மகன்

முகப்பேரில் 1980-களில் வீட்டுவசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்தது. பலர் வீடு கட்டிக் குடியேறினார்கள். அப்போது இளம் தம்பதிகளாக வந்தவர்கள் இப்போது தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

தாய்க்கு வயது 78. மகனுக்கு 51. மகனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவான். படுக்கையைச் சுருட்டி வைப்பான். தட்டைத் தானே கழுவுவான். தெருவில் எல்லாருக்கும் அவனைத் தெரியும்.

ஆறு மாதமாக அவன் ஆள் மாறிவிட்டான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது இல்லை. குளிக்கச் சொன்னால் கத்துகிறான். பால் வாங்கப் போனவன் வெறுங்கையோடு வருகிறான். இரவில் தூங்காமல் நடக்கிறான். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டான்.

“அவன் எப்போதும் அப்படித்தான்” என்கிறார் தாய்.

“வயசாயிடுச்சு, வேறென்ன?” என்கிறார் அண்ணன்.

“தூக்க மாத்திரை வாங்கிக் கொடுங்க அக்கா” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

மூன்று பேர். மூன்று தீர்ப்பு. ஆனால், விசாரணை மட்டும் நடக்கவே இல்லை!

காதில் குறும்பி அடைத்திருக்கலாம். கண்ணில் புரை விழுந்திருக்கலாம். கடைவாய்ப் பல் வலிக்கலாம். தைராய்டு கோளாறாக இருக்கலாம். தந்தை இறந்த துக்கத்தைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

இதில் எது? பார்த்தால்தானே தெரியும்!

யாரோடு ஒப்பிடுவது?

சாதாரணமாக வயதான ஒருவருக்கு மறதி வந்தால் டாக்டர் சில கேள்விகள் கேட்பார். “இன்று என்ன கிழமை?” “நூறில் இருந்து ஏழைக் கழித்தால் எத்தனை?” “இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள்” என்பார்.

அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு இந்தக் கேள்விகள் பொருந்துமா? அவருக்கு இருபது வயதிலேயே கிழமை தெரியாது. கழித்தல் கணக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. இந்தப் பரீட்சையில் அவர் “பெயில்” ஆனால், அதற்கு மறதி காரணமா, பழைய குறைபாடு காரணமா? டாக்டராலும் சொல்ல முடியாது.

ஆகவே இவரை மற்றவர்களோடு ஒப்பிடக் கூடாது. அவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். போன வருடம் என்ன செய்தார்? இந்த வருடம் என்ன செய்கிறார்? இதுதான் கேள்வி.

பால் வாங்கி வந்தவர் இன்று வாங்கவில்லை என்றால், அது செய்தி. கிழமை தெரியாதவருக்கு இன்றும் கிழமை தெரியவில்லை என்றால், அது செய்தியே இல்லை.

அளவுகோல் பிறந்த கதை

அறிவை அளக்க ஒரு பரீட்சையை முதலில் உருவாக்கியவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஆல்பிரட் பினே. அது 1905-ம் ஆண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான் அதை அவர் செய்தார். ஆக, அது பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்த அளவுகோல்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1935-ல், அமெரிக்காவில் எட்கர் டால் என்ற அறிஞர் வேறு விதமாக யோசித்தார். அவர் நியூஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்தவர்.

“கேள்விக்கு என்ன பதில் சொல்கிறான் என்பது மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கையில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும்” என்பது அவர் கருத்து. தானே சாப்பிடுகிறானா? தானே உடுத்துகிறானா? வெளியே தனியாகப் போய் வருகிறானா? இவற்றை வைத்து அவர் ஓர் அளவுகோல் செய்தார். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

அதை இந்தியாவுக்கு ஏற்றபடி நாகபுரியில் மாற்றி அமைத்தவர் மாலின் என்பவர். அதில் 89 அம்சங்கள் உண்டு. நமது நாட்டில் இன்றும் பரவலாகப் பயன்படுவது அதுதான்.

ஆனால், அதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். பிறந்தது முதல் 15 வயது வரை உள்ள வளர்ச்சியைத்தான் அது அளக்கும். ஏறுகிற ஏணியை அளக்க அது நல்ல கோல். இறங்கும்போது எந்தப் படியில் கால் சறுக்கியது என்று காட்ட அது செய்யப்படவில்லை.

சென்னையில் பிறந்த 360 கேள்விகள்

இந்த விஷயத்தில் சென்னைக்குப் பெருமை உண்டு.

1975-ம் ஆண்டு, சென்னையில் விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் பி.ஜெயச்சந்திரன், வி.விமலா ஆகிய இருவரும் ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தார்கள். அதற்குச் சென்னையின் அன்றைய பெயரான “மெட்ராஸ்” என்பதையே சேர்த்துப் பெயர் வைத்தார்கள். நாட்டின் பல சிறப்புப் பள்ளிகளில் அது பயன்படுகிறது.

அதில் 18 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 20 அம்சங்கள். ஆக மொத்தம் 360.

சாப்பிடுவது, உடுத்துவது, குளித்துச் சுத்தமாக இருப்பது, கழிப்பறைப் பழக்கம், பேச்சைப் புரிந்துகொள்வது, பேசுவது, மற்றவர்களோடு பழகுவது, எண், பணம், நேரம், வீட்டு வேலை, ஊரில் வழி தெரிவது, பொழுதுபோக்கு, தொழில் என்று வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. சுலபமானது முதலில் வரும். கடினமானது கடைசியில் வரும்.

இதில் ஒரு நல்ல குணம் உண்டு. “இவருக்கு என்ன தெரியாது?” என்று அது கேட்பது இல்லை. “இவர் என்ன செய்கிறார்?” என்றே கேட்கிறது. செய்கிறார் என்றால் ஒரு குறி. செய்யவில்லை என்றால் ஒரு குறி. அவ்வளவுதான். சில மாதம் கழித்து மறுபடியும் பார்த்தால் ஏறியது எது, இறங்கியது எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆனால், நடைமுறையில் என்ன நடக்கிறது? பள்ளிக்கூடத்தில் இருக்கும் வரை ஆசிரியை குறிக்கிறார். பள்ளியை விட்டதும் அந்தக் காகிதம் பரண்மேல் போய்விடுகிறது!

சான்றிதழ் மட்டும் போதுமா?

“எங்கள் பிள்ளைக்குச் சான்றிதழ் இருக்கிறதே!” என்று பெற்றோர் சொல்லலாம்.

சான்றிதழ் அவசியம். உதவித்தொகை, பஸ் சலுகை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட விதிமுறைப்படி, குறைபாடு லேசாக இருந்தால் 50 சதவீதம். நடுத்தரம் என்றால் 75. கடுமை என்றால் 90. மிகக் கடுமை என்றால் 100. 18 வயதில் வாங்கும் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்றும் அந்த விதி சொன்னது.

இது நல்ல விதி. வயதான தாய், வளர்ந்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியது இல்லை.

ஆனால், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்பதால், மனிதர் ஆயுளுக்கும் ஒரே மாதிரி இருப்பார் என்று அர்த்தமா? 18 வயதில் “75 சதவீதம்” என்று எழுதிய காகிதம், 52 வயதில் அவருக்குக் காது கேட்கிறதா என்று சொல்லுமா? சட்டைப் பித்தான் போட வருகிறதா என்று சொல்லுமா?

சான்றிதழ் உதவி வாங்குவதற்கு. மதிப்பீடு, மனிதரைத் தெரிந்துகொள்வதற்கு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பது பிசகு.

ஆயுள் கூடியது, கவலையும் கூடியது

முன்பு இந்தப் பிரச்சினை அவ்வளவாக எழவில்லை. ஏன்? இவர்களில் பலர் முதுமை வரை வாழவே இல்லை!

“டவுன் சிண்ட்ரோம்” என்று ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. இவர்களுக்கு 21-வது குரோமோசோம் மட்டும் மூன்றாக இருக்கும். இதை 1959-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஜெரோம் லெஜூன் வெளியிட்டார்.

மேலைநாடுகளில் 1929-ம் ஆண்டு வாக்கில் இவர்களின் சராசரி ஆயுள் 9 வயதுதான். 1949-ல் 12 வயது. இப்போது அங்கே 60 வயதை எட்டிவிட்டது. இதய அறுவைச் சிகிச்சையும் நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகளும் செய்த நன்மை இது.

ஆனால், நன்மையோடு ஒரு சோதனையும் வந்தது. மறதி நோயில் மூளையில் ஒரு வகைப் புரதம் படிகிறது. அந்தப் புரதத்துக்கான மரபணு இருப்பது இந்த 21-வது குரோமோசோமில்தான். மூன்றாக இருப்பதால் புரதமும் அதிகமாகச் சேர்கிறது. எனவே டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு மறதி நோய் மற்றவர்களைவிட மிக முன்னதாக, 50 வயதை ஒட்டியே வந்துவிடுகிறது.

மற்றவர்களுக்கு மறதி நோய் மறதியாகத் தொடங்கும். இவர்களில் பலருக்குக் குணமாற்றமாகத் தொடங்கும். கலகலப்பானவர் ஒதுங்குவார். சாதுவானவர் அடம் பிடிப்பார். வீட்டில் இருப்பவர்களோ, “பிடிவாதம் பிடிக்கிறான்” என்று கோபித்துக்கொள்வார்கள்.

கோபித்து என்ன பயன்? அது பிடிவாதம் இல்லை, நோய்!

கேள்வித்தாள் கேட்கும் முதல் கேள்வி

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாளை 2007-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஷௌமித்ர தேவ் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்டார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி அல்ல. அவரை நன்கு அறிந்து கவனித்துக்கொள்பவர்.

“வழி தவறிப் போகிறாரா?” “இரவில் விழித்துக்கொள்கிறாரா?” “உடை மாற்ற உதவி தேவையா?” என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான்.

அதிசயம் கேள்வியில் இல்லை, பதிலில் இருக்கிறது. “ஆம்”, “இல்லை” என்று சொன்னால் போதாது. நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒன்று: எப்போதும் அப்படித்தான்.

இரண்டு: எப்போதும் உண்டு, ஆனால், இப்போது அதிகமாகிவிட்டது.

மூன்று: இது புதிதாக வந்தது.

நான்கு: இவருக்குப் பொருந்தாது.

“அவன் எப்போதும் அப்படித்தான்” என்று முகப்பேரில் ஒரு தாய் பொத்தாம் பொதுவாகச் சொல்கிறாரே, அந்தப் பதிலையே பிரித்துப் பார்க்கச் சொல்கிறது இந்தக் கேள்வித்தாள். உண்மையிலேயே எப்போதுமா? இல்லை, தீபாவளிக்குப் பிறகுதானா? தந்தை இறந்த பிறகா? வீடு மாறிய பிறகா?

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 40 வயது முதல் மறதி நோய் பற்றிய சோதனையைத் தொடங்க வேண்டும் என்று, 2020-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான வழிகாட்டி கூறியது. மற்ற அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஐம்பதை நெருங்கும்போது ஒரு முறை பார்த்து எழுதி வைப்பது நல்லது.

முதலில் உடம்பைப் பார்!

மாற்றம் எல்லாம் மறதி நோய் என்று பயந்துவிடவும் கூடாது. சுலபமாகத் தீர்க்கக்கூடிய காரணங்கள் பல உண்டு.

கண்: புரை விழுந்தால் படி தெரியாது. இறங்கப் பயப்படுவார். “நடக்க மறுக்கிறான்” என்று வீட்டில் சொல்வார்கள்.

காது: குறும்பி அடைத்தாலே கேட்காது. “சொன்ன பேச்சைக் கேட்பது இல்லை” என்பார்கள். உண்மையில் அவருக்குப் பேச்சே கேட்கவில்லை!

பல்: வலி தாங்காமல் கன்னத்தில் அடித்துக்கொள்வார். சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்.

வயிறு: மலச்சிக்கல் இவர்களிடம் சாதாரணம். வயிறு உப்பினால் எரிச்சல் வரும், கோபம் வரும்.

தைராய்டு: டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இந்தக் கோளாறு அதிகம். மந்தமாகிவிடுவார்கள், தூங்கி வழிவார்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையில் சரிப்படுத்தலாம்.

தூக்கம்: பலத்த குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் இரவுத் தூக்கம் கெடும். பகலில் எதுவும் ஓடாது.

மருந்து: வலிப்புக்கும் நடத்தைக்கும் பல ஆண்டுகளாகக் கொடுத்து வரும் மாத்திரைகளே, வயதான உடம்பில் தள்ளாட்டத்தைக் கொடுக்கலாம். தாமாக நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டிக் கேட்க வேண்டும்.

பெண்களாக இருந்தால் மாதவிலக்கு நிற்கும் காலத்து உடல் மாற்றங்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றை எல்லாம் பார்த்த பிறகுதான் மனதைப் பற்றிய பேச்சே வர வேண்டும்.

தெரியாதா? விடவில்லையா?

மதிப்பீட்டில் இன்னொரு பள்ளமும் உண்டு. அதைத் தோண்டுவது நம் வீட்டுப் பாசமே!

“அவனுக்குச் சோறு பிசையத் தெரியாது” என்பார் தாய். உண்மையில், ஐம்பது வருடமாக அவரேதான் பிசைந்து கொடுத்து வருகிறார். “அவளுக்குத் தலை வாரத் தெரியாது” என்பார் அண்ணி. சீப்பை அவள் கையில் கொடுத்தே பார்த்தது இல்லை.

தெரியாதது வேறு. செய்ய விடாதது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குறித்தால் கணக்கு தப்பாகிவிடும்.

இடமும் முக்கியம். பழக்கம் இல்லாத அறையில், வெள்ளைக் கோட்டு போட்ட புதிய ஆளுக்கு முன்னால், தன் பெயரைக் கூடச் சொல்லாமல் நிற்பவர் உண்டு. அதே மனிதர் தன் வீட்டுச் சமையல் அறையில் வெங்காயம் உரித்துக் கொடுப்பார். எது உண்மை? அவர் பழகிய இடத்தில் பழகிய பொருளை வைத்துக்கொண்டு செய்வதுதான் உண்மைக்கு நெருக்கமானது. ஆகவே டாக்டரும் ஆசிரியையும் வீட்டாரைக் கேட்க வேண்டும். ஒருவரை மட்டும் கேட்காமல், தாயையும் தங்கையையும் தனித்தனியே கேட்டால் இன்னும் நல்லது.

மூன்று கட்டம் போட்டால் போதும்

அடிப்பது, கத்துவது, பொருளை எறிவது போன்ற நடத்தைகளைப் புரிந்துகொள்ள, உலகம் முழுவதும் பயன்படும் ஓர் எளிய வழி உண்டு. ஒரு காகிதத்தில் மூன்று கட்டம் போட வேண்டும்.

முதல் கட்டத்தில், அதற்கு முன்னால் என்ன நடந்தது?

நடுக் கட்டத்தில், அவர் என்ன செய்தார்?

மூன்றாம் கட்டத்தில், அதற்குப் பிறகு மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பத்து நாள் எழுதினால் போதும். “குளிக்கச் சொல்லும்போது மட்டும் கத்துகிறார்” என்று தெரிய வரும். குளியல் அறைத் தரை வழுக்குகிறது என்பதும், அங்கே வெளிச்சம் இல்லை என்பதும் பிறகு தெரிய வரும். விளக்கு ஒன்று போட்டதும் கத்தல் நின்றுபோகலாம்!

சொல்ல வார்த்தை இல்லாதவருக்கு நடத்தைதான் வார்த்தை. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாய்க்கு எழுத வராவிட்டால், பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை எழுதலாம்.

எப்போது எழுதுவது? நோய் வந்த பிறகு அல்ல. அவர் நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டும். அப்போதுதான் பின்னால் ஒப்பிட முடியும்.

என்ன எழுதுவது?

தானே சாப்பிடுகிறாரா? எதற்கு உதவி வேண்டும்? எந்த உடையைத் தானே போடுவார்? யார் யாருடைய பெயர் தெரியும்? எந்தக் கடை வரை தனியாகப் போவார்? என்ன வேலை செய்வார்? எது பிடிக்கும்? எதைக் கண்டால் பயம்? வலித்தால் எப்படிக் காட்டுவார்? எடை எவ்வளவு? என்னென்ன மாத்திரை?

வருடத்துக்கு ஒரு முறை, அவர் பிறந்த நாளில், அதே கேள்விகளுக்கு மறுபடியும் பதில் எழுத வேண்டும். கைப்பேசி இருந்தால், அவர் சட்டை போடுவதையும் நடப்பதையும் பேசுவதையும் சிறு படமாக எடுத்து வைக்கலாம். வருடம் தேதி போட்டு வைத்தால், டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

“கண்டுபிடித்து என்ன பயன்?”

“மறதி நோய்தான் என்று தெரிந்தால் மட்டும் குணமாகிவிடுமா? எதற்கு இந்தச் சிரமம்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால், நோய் என்று தெரிந்தால் வீட்டார் திட்டுவது நிற்கும். தினமும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி காரியம் நடக்கும்படி ஒழுங்கு செய்வார்கள். கழிப்பறைக் கதவில் பெரிய படம் ஒட்டுவார்கள். இரவில் விளக்கு எரிய விடுவார்கள். தேவை இல்லாத மாத்திரைகளைத் தவிர்க்கலாம். இதனால் அவருக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி.

மறதி நோய் இல்லை என்று தெரிந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியோ, பல் வைத்தியமோ, தைராய்டு மாத்திரையோ பழைய மனிதரைத் திருப்பிக் கொடுத்துவிடும். பார்க்காமல் விட்டால், தீரக்கூடிய வலியைக் கடைசி வரை அவர் சுமக்க வேண்டியதுதான்.

“இவ்வளவு வயதுக்கு மேல் எதற்கு?” என்பது வேறு யாருக்காவது சொல்கிற பேச்சா? 51 வயதில் கண் மங்கினால் அண்ணன் சும்மா இருப்பாரா? தம்பிக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் இல்லை?

அரசு செய்ய வேண்டியது

குடும்பம் மட்டும் செய்தால் போதாது. அரசுக்கும் கடமை உண்டு.

1999-ம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோருக்குப் பின் சட்டப்படி காப்பாளரை நியமிக்க அது வழி செய்தது. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதிக ஆதரவு தேவைப்படுபவர்களின் தேவையை அறிய மதிப்பீட்டுக் குழு வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சதவீதத்தை அளப்பது வேறு, தேவையை அளப்பது வேறு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. நடைமுறையும் அதற்கு ஏற்ப வர வேண்டும்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் “மக்களைத் தேடி மருத்துவம்” திட்டம் தொடங்கியது. சுகாதாரத் தன்னார்வலர்களான பெண்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தார்கள்.

அதே வழியில், 40 வயது தாண்டிய அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் வீட்டுக்கும் வருடம் ஒரு முறை போகலாமே! பத்துக் கேள்வி கேட்கலாம். கண்ணையும் காதையும் பல்லையும் பார்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். புதிதாகக் கட்டடம் வேண்டாம். பெரிய செலவும் இல்லை. தமிழில் அச்சடித்த ஒரு கேள்வித்தாளும், சில நாள் பயிற்சியும் இருந்தால் போதும். 360 அம்சங்களை ஐம்பது வருடத்துக்கு முன்பே வகுத்துக் காட்டிய சென்னைக்கு, முதியவர்களுக்கு ஏற்ற ஒரு சிறு தாளைத் தயாரிப்பது கஷ்டமா?

தாயோடு போய்விடக் கூடாது

வலித்தால் அவன் எந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பான்? எந்தப் பாட்டைப் போட்டால் அழுகை நிற்கும்? தண்ணீர் வேண்டும் என்பதற்கு என்ன சைகை காட்டுவான்? இவை எல்லாம் இன்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு வயது 78.

அவர் காலத்துக்குப் பிறகு மகன் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். விடுதிக்குப் போகலாம். அங்கே இருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தண்ணீருக்குக் காட்டும் சைகையைப் பார்த்து, “அடிக்க வருகிறான்” என்று நினைத்துவிடுவார்கள்.

பெற்றோர் பிள்ளைக்கு வீடு எழுதி வைக்கிறார்கள். பாங்கியில் பணம் போட்டு வைக்கிறார்கள். அவை வேண்டியதுதான். அவற்றோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் எழுதி வைக்கட்டும். பேசத் தெரியாத பிள்ளைக்காகப் பின்னால் பேசப் போவது அதுதான்.